டயல் டோன் முகம்

எங்கள் தொலைபேசித் துறையின் ஓய்வு பெற்றோர் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "அந்தக் காலத்துல போர்டுல உக்காந்து ஊர்ல எல்லார் பேச்சையும் கேட்டிருப்பீங்கள்ல மேடம்? செம ஜாலியா இருந்திருக்கும்."

ஜாலி என்ற சொல்லை என் உத்தியோகத்தோடு சேர்த்துச் சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்தான். அவளுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று நாலு முறை யோசித்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றார்கள். அதற்குப் பிறகும் ஒரு முறை யோசித்தேன்.

எண்பதுகளில் ராஜபாளையம் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பட்டம் முடித்தேன், தேர்வு எழுதினேன், மதுரையில் பயிற்சி. பயிற்சியில் நினைவிருப்பது தலையில் மாட்டும் ஹெட்செட்டின் கனமும், ரகசியம் காப்பேன் என்று நின்றுகொண்டு எடுத்த உறுதிமொழியும்தான். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் தெளிவாக, சத்தமாகச் சொன்னேன். அங்கேயே என் தலையெழுத்து முடிவாகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

வேலை இதுதான். உள்ளூருக்குள் டயல் செய்து பேசிக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ மதுரைக்கோ பேச வேண்டும் என்றால் எங்களிடம் பதிய வேண்டும். நாங்கள் அதை ஒரு சீட்டில் எழுதி, லைன் கிடைத்ததும் போர்டில் இரண்டு பக்கமும் இணைப்புக் கயிற்றைச் செருகிச் சேர்ப்போம். மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் நுழைந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?" என்று கேட்க வேண்டும். பேசி முடித்து ரிசீவரை வைத்தால் போர்டில் விளக்கு எரியும். எரியாவிட்டால் மறுபடி நுழைந்து, "பேசுறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றைப் பிடுங்க வேண்டும். ஆக, நாங்கள் ஒட்டுக் கேட்பதில்லை. விதிப்படி நுழைகிற அந்த ஓரிரு நொடியில் காதில் விழுவது விழும். அதை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

விட்டுவிடுகிறோமா என்று பார்ப்பதற்கு அருளானந்தம் சார் இருந்தார். எங்கள் சூப்பர்வைசர். ராணுவத்தில் சேரப் போய், பாதம் தட்டையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அந்தத் தேசபக்தி முழுவதையும் எங்கள் போர்டின் மேல் இறக்கி வைத்திருந்தார். "அம்மா, இது வெறும் போர்டு இல்ல. இது எல்லை. அந்தப் பக்கம் பொதுமக்கள். இந்தப் பக்கம் அரசாங்கம். நடுவுல நீங்க நிக்கிறீங்க," என்பார். நாங்கள் உட்கார்ந்துதான் இருப்போம். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார். ஆனால் போர்டில் இருப்பவர்கள் வாயில் போடக்கூடாது. அரசாங்கத்தின் குரல் குழறக்கூடாதாம். மிட்டாயை மேஜை மேல் வைத்துவிட்டு, பணி முடிந்ததும் தின்ன வேண்டும். அதற்குள் எறும்பு தின்றிருக்கும்.

நான் அவருக்குப் பிடித்த ஆபரேட்டர். காரணம், நான் பயந்தவள். அப்போது என் மகளுக்கு ஆறு மாதம். ஹெட்செட்டில் எங்கோ ஒரு குழந்தை அழுதால்கூட எனக்குப் பால் சுரந்துவிடும். குழந்தையை வீட்டில் பார்த்துக்கொண்டது என் கணவரின் தங்கை செல்வி. குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, தூங்க வைப்பது எல்லாம் அவள்தான். மதியத்துக்கு மேல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போவாள். அவள் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. இதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் தினமும் நினைத்துக்கொள்வேன்.

அந்தச் செல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. உரக்கடைக்காரர் வீடு. சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புப் பக்கத்து விவசாயிகள் எல்லாம் அவர்கள் கடையில்தான் உரம் எடுப்பார்கள். கடையும் வீடும் ஒரே கட்டடம், போன் உண்டு. பையன் முத்துக்குமார் கடையைப் பார்த்துக்கொள்கிறான். போட்டோவைப் பார்த்த அன்று செல்வி என் மகளை இரண்டு தடவை குளிப்பாட்டினாள்.

போன் உண்டு என்று கேட்டதும் என் மாமியாரின் கண் என் பக்கம் திரும்பியது.

"ஏட்டி வசந்தா, அவிய வீட்டுல என்ன பேசுதாக?"

"எனக்குத் தெரியாது அத்தை."

"போனு உன் கை வழியாத்தான போகுது?"

"போனாலும் சொல்லக்கூடாது அத்தை. உறுதிமொழி எடுத்திருக்கேன்."

முதல் பதிலோடு நிறுத்தியிருக்கலாம். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த வீட்டு எண் என் கைக்கு வந்ததே இல்லை. ஆனால் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் முறை என்று எனக்குப் பட்டது. மாமியார் உள்ளே போய் மாமாவிடம் சொன்னது காதில் விழுந்தது: "சொல்லக்கூடாதுங்கா. அப்பம் என்னமோ இருக்கு."

"இல்லேத்தை, நிஜமாவே ஒண்ணும் கேக்கல," என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "விடு தாயீ. கவர்மெண்டு உன்னய அப்படித்தான் சொல்லச் சொல்லிருக்கும்."

அன்றிலிருந்து நான் வாயால் சொல்லாததை எல்லாம் அவர்கள் வேறு இடங்களில் தேட ஆரம்பித்தார்கள். சோற்றில் நெய் கொஞ்சம் தாராளமாக விழுந்த நாளில், "பையன் நல்ல பையன்தான் போல," என்றார் மாமியார். மறுநாள் குழந்தை அழுததில் தோசை கருகிவிட்டது. பெண் பார்க்கக் குறித்த நாளைத் தள்ளிவைத்தார்கள். நான் தும்மினால் மாமா பஞ்சாங்கத்தை மூடுவார். என் கணவர் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து தட்டைப் பார்த்ததும், "இன்னைக்கு என்ன தகவல்?" என்று கேட்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றுமே தெரியாத நான், ஒன்றும் சொல்லாமலேயே, செல்வியின் கல்யாணத்தைக் கலைத்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் என்னிடம் கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

அருளானந்தம் சாரிடம் போனேன். "சார், ஒரு குடும்பத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வீட்டுல நம்ப மாட்டேங்கறாங்க. அவங்க நம்பர்ல ஒரு கால்கூட வரலன்னு சொல்லிரலாமா?"

அவர் சாப்பாட்டு நேரம் வரை யோசித்தார். பிறகு கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "கூடாது. கால் வந்துச்சுன்னு சொல்றது தகவல். வரலன்னு சொல்றதும் தகவல்தான். அதுலேருந்து எதிரி கண்டுபிடிச்சுருவான்."

"எதிரி யாரு சார்?"

"உங்க மாமியார்."

நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன்.

"முகத்துலதான் எல்லாத்தையும் காட்டறீங்க. முகத்தை டயல் டோன் மாதிரி வச்சுக்கோங்கம்மா. யாரு எடுத்தாலும் ஒரே சத்தம். நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல." சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துப் பழகச் சொன்னார். பழகினேன். அவர் எதிரில் உட்கார்ந்து, "புருவம் கொஞ்சம் பேசுது," என்று திருத்தினார்.

இதற்குள் செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டது: பொண்ணோட மதினி எக்ஸ்சேஞ்சில் இருக்கிறாளாம். அதற்கு உரக்கடைக்காரர் செய்ததை நான் என் காதாலேயே கேட்டிருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். காலையில் பஸ் ஏறி ராஜபாளையம் வருவார். அவருடைய மைத்துனருக்கு இங்கே பேண்டேஜ் துணிக் கடை. அங்கே உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் சொந்த வீட்டுக்கே டிரங்க் கால் பதிவார். பேசுவது தன் மனைவியிடம். என் பணி நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு அந்த நேரத்தில்தான் பதிவார்.

மூன்று நிமிடத்தில் நான் நுழைவேன் என்று அவருக்குத் தெரியும். அதற்காகவே காத்திருந்ததுபோல, நான் நுழைந்ததும் குரல் உயரும்: "நம்ம பையன் பீடி, சிகரெட்டு, சீட்டு, எதையும் தொடமாட்டான், தெரியுமாட்டி ஒனக்கு?"

அந்தப் பக்கம் அவர் மனைவி: "பெத்தவளுக்குத் தெரியாதா? இதச் சொல்லவா பஸ்ஸேறிப் போனீக?"

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?"

"நீட்டுங்கம்மா, நீட்டுங்க. இன்னும் அவன் குணத்துக்கே வரல."

இன்னொரு நாள் படிப்பு. இன்னொரு நாள், அம்மாவின் மேல் அவன் வைத்திருக்கும் பாசம். அந்த அம்மாவிடமே சொன்னார். "அடுப்புல பால் பொங்குது, வைங்க போன," என்றார் அந்த அம்மாள். இது எதையும் நான் வீட்டில் சொல்ல முடியாது. ஒரு மனிதர் தன் மகனைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தைகளைச் செலவு செய்து சொல்லியும், அவை என் காதோடு நின்றுபோவது எனக்கே பாவமாக இருந்தது. இதில் இன்னொரு குழப்பம்: என் காதுக்கென்றே சொல்வது ரகசியத்தில் சேருமா? சாரிடம் கேட்க நினைத்தேன். கேட்டால் கால் வந்தது அவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள், "முடிஞ்சுருச்சும்மா, வைக்கிறேன்," என்றார். ஆனால் விளக்கு எரியவில்லை. விதிப்படி மறுபடி நுழைந்தேன். நான் போய்விட்டதாக நினைத்து இருவரும் இயல்பான குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாக்கியம் விழுந்தது. "பேசுறீங்களா?" என்றேன். இரண்டு பக்கமும் பட்டென்று ரிசீவரை வைத்தார்கள். விளக்கு எரிந்தது. கயிற்றைப் பிடுங்கினேன்.

என்ன கேட்டேன் என்பதை எழுதப் போவதில்லை. மாப்பிள்ளையின் உடம்பைப் பற்றிய ஒரு விஷயம், குணத்தைப் பற்றியது இல்லை என்று மட்டும் சொல்வேன். பெரிய குறை என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தாலி ஏறுமுன் தெரிந்திருக்க வேண்டியது. அவர்கள் மறைக்கிறார்கள்.

அதுவரை தெரியாததைச் சொல்லத் தவித்தேன். இப்போது தெரிந்ததைச் சொல்லாமல் தவித்தேன். சொன்னால் உறுதிமொழி போகிறது, வேலையும் போகலாம். சொல்லாவிட்டால், என் பிள்ளையை மடியில் வைத்திருப்பவளுக்குத் துரோகம். மறுநாள் காலையில் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டு, கரண்டியோடு நின்றேன். தோசையைக் கருக விட்டால் வீட்டில் புரிந்துகொள்வார்கள். அப்படியானால் அது தகவல். பொன்னிறமாக எடுத்துவிட்டால், எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். அது பொய்த் தகவல். கல் புகைந்துகொண்டிருந்தது. கடைசியில் கல்லை இறக்கிவிட்டு உப்புமா கிண்டினேன். உப்புமாவுக்கு அந்த வீட்டில் அதுவரை ஓர் அர்த்தமும் இல்லை.

மாமியார் தட்டைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். "உப்புமா. அப்பம் அவசரம்ங்கா. வெரசா முடிக்கச் சொல்லுதா."

அந்த வெள்ளிக்கிழமையே பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மகனை வலது பக்கம் சுவர் இருக்கும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். மாமா விடவில்லை. "அங்க வேக்காடு. மாப்ள பேனுக்கு அடியில வாங்க," என்று கையைப் பிடித்து நடு அறையில் உட்கார வைத்தார். என் மாமியார் அவன் வலது பக்கம் போய் நின்று, "தம்பி, காபி குடிக்கீகளா, டீயா?" என்றார்.

அவன் எதிரே காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, காபியா, டீயா?"

காலண்டர்.

"கூச்சம்," என்றார் உரக்கடைக்காரர். அவர் நெற்றியில் வியர்வை. "சின்ன வயசுலேருந்தே ரொம்பக் கூச்சம்."

"காபியா டீயான்னு சொல்லுததுக்கு என்ன கூச்சம்?" என்றார் மாமியார்.

அப்போது அடுப்படி வாசலிலிருந்து செல்வியின் குரல் கேட்டது. பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு, பெண் பார்க்கும் நேரத்தில் பெண் பேசியது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. "அம்மா, அவியளுக்கு அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கமா வந்து கேளு."

எல்லோரும் செல்வியைப் பார்த்தார்கள். பிறகு, ஒருவர் பாக்கியில்லாமல், என்னைப் பார்த்தார்கள்.

செல்வி சொன்னதுதான் நான் லைனில் கேட்டதா என்று இங்கேயும் நான் எழுதவில்லை. வாசிப்பவர்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் அவளிடம் சொல்லவில்லை. இது சத்தியம்.

"அப்பம் எல்லாத்தையும் கேட்டுட்டிகளாம்மா நீங்க?" என்றார் உரக்கடைக்காரர், பாவமாக.

"எங்க மருமக சொல்லிருக்கும்," என்றார் மாமா. அவர் குரலில் பெருமை. "கவர்மெண்டு ஒரு பக்கம் இருக்கட்டும்யா. குடும்பம்னு வந்தா சொல்லத்தான செய்யும்?"

நான் சொல்லவில்லை என்று வாயெடுத்தேன். செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். பழகிய முகத்தை வைத்துக்கொண்டேன். அன்று புருவம்கூடப் பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"எனக்குச் சம்மதம்," என்றாள் செல்வி. முத்துக்குமார் அதை இடது காதால் கேட்டுச் சிரித்தான்.

பிறகு அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். போன வாரம் டைப்ரைட்டிங் வகுப்பு வாசலில் அவன் வந்து நின்றானாம். "எனக்கு வலது காது கேக்காது. அப்பா சொல்லவேண்டாம்ங்காக. ஒனக்குத் தெரியாமக் கட்ட எனக்கு மனசில்ல," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டானாம்.

"ரோட்டுல நின்னு அவியகிட்டப் பேசுனேன்னு தெரிஞ்சா அப்பா இந்தக் கல்யாணத்தையே நிப்பாட்டிருவாக மதினி. நீங்க சொன்னதாவே இருக்கட்டும். ஒங்க கால்ல விழுதேன்."

"கால்ல எல்லாம் விழாத," என்றேன். "சேலை கசங்கும்."

என் பயம் அப்போது தொடங்கவில்லை. மறுநாள் தொடங்கியது. மாமா ஒரு பை நிறையச் சப்பட்டை மாம்பழம் வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரியாமல் தொலைபேசி நிலையத்துக்குப் போய், அருளானந்தம் சாரின் கையில் கொடுத்து, "ஒங்க ஆபீஸ் பொண்ணு நல்ல நேரத்துல போன்ல கேட்டுச் சொல்லி எங்க குடும்பத்தக் காப்பாத்திருச்சு சார்," என்று நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நான் பணிக்குப் போனபோது மேஜை மேல் மாம்பழமும், அதன் பக்கத்தில் எனக்கு ஒரு மெமோவும் இருந்தன. சார் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எல்லையைப் பறிகொடுத்த ஒரு சிப்பாயைப்போல இருந்தார்.

"நீங்களாம்மா?" என்றார்.

பஸ்ஸில் வரும்போதே எனக்கு விவரம் தெரிந்திருந்தது. மாமாவே காலையில் போய் வந்த கையோடு பெருமையாகச் சொல்லியிருந்தார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். செல்வி பெயரைச் சொன்னால் நான் தப்பிவிடுவேன். விசாரணை என்று வீட்டுக்கு ஆள் வரும், மாமாவுக்குத் தெரிந்துபோகும், கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் என் வேலை. என் மகளின் பால்பவுடர், என் கணவரின் ஒற்றைச் சம்பளம், நின்றுகொண்டு சத்தமாக எடுத்த உறுதிமொழி, எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்தேன். பஸ் சொக்கர் கோயில் திருப்பத்தைத் தாண்டும்போதும் முடிவாகவில்லை.

"நான் சொல்லல சார்."

"பின்ன யாரு சொன்னது?"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

"அரசாங்கம் கேக்குதும்மா."

"அரசாங்கம் கேட்டாலும் சார். அது என்கிட்ட நம்பிச் சொன்னது."

அவர் மெமோவை எடுத்து, எனக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினார்: "இன்ன எண்ணிலிருந்து இன்ன எண்ணுக்கு நடந்த அழைப்பில் தாங்கள் கேட்ட செய்தியை..."

அங்கேயே நிறுத்தினார். மறுபடி மனசுக்குள் வாசித்தார். முகம் வெளிறியது.

"அம்மா, இந்த மெமோ மதுரை மேலாபீசுக்குப் போனா, அப்படி ஒரு கால் நடந்துச்சுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகுமே."

"ஆமா சார். வரலன்னு சொல்றதே தகவல்னு சொன்னீங்க. வந்துச்சுன்னு எழுதறது..."

"தகவல்," என்றார். கதவைப் பார்த்தார். மெமோவை நாலாகக் கிழித்தார். பிறகு எட்டாக. "நீங்க பதில் எழுதியிருந்தாலும் தப்பு. 'சொல்லல'ன்னு எழுதினா, சொல்றதுக்கு ஒண்ணு இருந்துச்சுன்னு ஆகும். நல்லவேளை. நாம ரெண்டு பேருமே தப்பிச்சோம்."

மாம்பழம் பாக்கி இருந்தது. திருப்பிக் கொடுத்தால் ஏன் கொடுத்தார்கள், ஏன் திருப்பினோம் என்று காரணம் சொல்ல வேண்டும். வைத்திருந்தால் சாட்சி. எல்லா ஆபரேட்டர்களையும் ஒவ்வொருவராக வராந்தாவுக்கு அனுப்பித் தின்னச் சொல்லி உத்தரவிட்டார். போர்டில் இருக்கும்போது வாயில் வைக்கக்கூடாது. கொட்டைகளை அவரே ஒரு பையில் கட்டி எடுத்துப் போனார். எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகை மாட்டி எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. யாரும் யாரிடமும் பதியாமல் பேசினார்கள். எங்கள் போர்டைக் கழற்றி எடுத்துப் போனார்கள். அருளானந்தம் சார் ஓய்வு பெற்ற அன்று என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை, "புருவம் இப்ப பரவாயில்லை," என்பதுதான்.

செல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை வீட்டில் நன்றாக இருக்கிறாள். எப்போதும் கணவனின் இடது பக்கம்தான் உட்காருவாள். சண்டை வந்தால் மட்டும் எழுந்து போய் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு, மனசில் உள்ளதையெல்லாம் சொல்லித் தீர்ப்பாள். அவன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

டைப்ரைட்டிங் வகுப்பு வாசல் விஷயத்தை, பிள்ளைகள் எல்லாம் வளர்ந்த பிறகு, செல்வியே தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். என் மாமியாருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, காது கூர்மை. கேட்டுவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அப்பம் நீ இதச் சொல்லல."

"இல்லே அத்தை."

"பின்ன நீ அந்தப் போன்ல என்னதாம்ட்டி கேட்ட? இனிமேயாவது சொல்லு."

"சொல்லக்கூடாது அத்தை."

அவர் செல்வியின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் பழைய கவலை அப்படியே வந்து உட்கார்ந்தது.

"பாத்தியா? இன்னும் என்னமோ இருக்கு."